மூன்று மா நிலத்துக்கு ஐந்து மனுக்கள்

சென்ற வாரம் தோழி ஒருத்தி போன் செய்தாள். அவளுடைய மாமியாருக்கு வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறாள். ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது. "மேல்முறையீடு செய்யலாம் என்று கீழே போட்டிருக்கிறார்கள். அதே அலுவலகத்தில் இருக்கிற மேலதிகாரியிடம்தானே போகும்? அவர் மட்டும் வேறு என்ன சொல்லிவிடப் போகிறார்? விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றாள். விடாதே என்றேன். ஏன் விடக் கூடாது என்று அவள் திருப்பிக் கேட்டபோது என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அன்று இரவெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் அந்தப் பாதையில் நடந்தவள் நான். முதல் முறை வழி தவறிப் போய், மறுபடி தொடக்கத்துக்கே வந்து நின்றவள். அவளிடம் போனில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வழக்கு மூன்று மா நிலத்தைப் பற்றியது. தஞ்சைப் பக்கத்து ஆட்களுக்கு மா என்றால் தெரியும். மற்றவர்களுக்கு, மூன்று மா சேர்ந்து கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். தாத்தா தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. 2001-இல் அவர் உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோனார். அம்மாவுக்கு இரண்டு அண்ணன்மார். நெல் விற்ற பணத்தில் ஒரு பங்கு வருடம் தவறாமல் அம்மா கைக்கு வந்துவிடும். அதனால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. பெரிய மாமா 2019-இல் காலமானார். அதற்குப் பிறகு பங்கு வருவது நின்றது. 2021-இல் ஒருநாள் இணையத்தில் சிட்டா எடுத்துப் பார்த்தோம். கூட்டுப் பட்டாவில் இரண்டு மாமாக்களின் பெயர்கள் மட்டும் இருந்தன. அம்மா அந்தத் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தாள். "ஏன் என் பெயர் இல்லை?" என்று கேட்டாள்.

அந்த "ஏன்" என்ற சொல்லை அப்படியே தூக்கிக்கொண்டு நான் அரசாங்கத்திடம் போனேன். அதுதான் நான் செய்த பிழை.

முதல் மனு

அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் தாலுகா அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். என் அம்மாவின் பெயர் ஏன் பட்டாவில் சேர்க்கப்படவில்லை? இதற்கு யார் பொறுப்பு? மகளுக்கும் சம பங்கு உண்டு என்பது அலுவலகத்துக்குத் தெரியாதா? இவைதாம் என் மூன்று கேள்விகள். இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. தாங்கள் கேட்டிருப்பது விளக்கமும் காரணமும் ஆகும், இவை சட்டத்தில் சொல்லப்பட்ட "தகவல்" என்ற வரையறைக்குள் வரவில்லை என்று இருந்தது. கீழே, முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் மேல்முறையீட்டு அலுவலர் யார் என்றும் குறித்திருந்தார்கள். மறுத்து எழுதும் எந்தப் பதிலிலும் மறுப்பதற்கான காரணம், மேல்முறையீட்டுக்கான கால அளவு, யாரிடம் செய்வது ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு வரும் கடிதத்தில் அவை இல்லையென்றால் அதையே மேல்முறையீட்டில் ஒரு குறையாகச் சொல்லலாம்.

முதல் மேல்முறையீட்டுக்கு இங்கே கட்டணம் இல்லை. நான் மூன்று பக்கம் எழுதினேன். தாத்தா அந்த நிலத்தை வாங்கப் பட்ட பாடு, தாத்தாவின் கடைசி நாட்களில் அம்மா அவரைப் பார்த்துக்கொண்டது, 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், அம்மாவின் கண்ணீர் எல்லாம் அதில் இருந்தன. எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அந்த நகலை இப்போது எடுத்துப் படித்தால், அதை வாசிக்கிற அதிகாரி செய்வதற்கு என்று அதில் ஒரு வேலைகூட இல்லை என்பது தெரிகிறது.

மேல்முறையீட்டு அலுவலரான வட்டாட்சியர் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார். கூப்பிட்டே ஆக வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயமில்லை. தாள்களை மட்டும் பார்த்தும் ஆணை போடலாம். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அவர் என் மூன்று பக்க மேல்முறையீட்டை எடுக்கவே இல்லை. கோப்பின் அடியிலிருந்து முதல் மனுவை உருவி, மேஜைக் கண்ணாடியின் மேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "இதில் எந்தத் தாளைக் கேட்டிருக்கிறீர்கள், காட்டுங்கள் அம்மா" என்றார். நான் என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கேள்விகள். மூன்றிலும் ஒரு தாள்கூட இல்லை. "ஏன் என்பது ஒருவர் மனத்தில் இருந்திருக்கும். அதை நான் எந்தப் பீரோவில் தேடுவேன்? பெயர் மாறியிருக்கிறது என்றால் ஓர் ஆணை இருக்கும். ஆணை இருந்தால் அதற்குக் கீழே கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை இருக்கும். அதைக் கேட்டிருந்தால் தேடச் சொல்லலாம்" என்றார். இப்போது கேட்கிறேன் ஐயா என்றேன். தலையை ஆட்டினார். "மேல்முறையீட்டில் புதிதாகக் கேட்க முடியாது. நீங்கள் கேட்டதற்குப் பதில் சரியாக வந்ததா என்று மட்டும்தான் நான் பார்க்க முடியும்."

மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த ஆணை வந்த உறையைப் பிரித்து, அதன் உட்புறத்தில் என்னென்ன தாள்கள் இருந்திருக்க வேண்டும் என்று எழுத ஆரம்பித்தேன். இறங்குவதற்குள் உறை நிரம்பிவிட்டது.

மேல்முறையீடுகளையும் சேர்த்து நான் போட்ட ஐந்து மனுக்களில் எது முக்கியம் என்று கேட்டால் முதல் மனு என்பேன். மேல்முறையீடு என்றால் மேலே இருப்பவர் நம் கதையை முழுக்க முதலிலிருந்து கேட்பார் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். அப்படி இல்லை. முதல் மேல்முறையீட்டு அலுவலரும் சரி, அதற்கு மேல் தகவல் ஆணையமும் சரி, முதல் தாளில் எழுதியிருப்பதைத் தாண்டிப் போக முடியாது. சட்டம் "தகவல்" என்று சொல்வது ஏதாவது ஒரு வடிவத்தில் ஏற்கெனவே பதிவாகி இருப்பதை. புதிதாகத் தகவலை உருவாக்கித் தரவோ கருத்தும் ஆலோசனையும் சொல்லவோ அலுவலகத்துக்குக் கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், விடைத்தாள் நகல் கேட்ட வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அது தெரியாமல்தான் மூன்று மாதத்தைத் தொலைத்தேன். என் தோழிக்கும் இதையே சொல்கிறேன்: வந்த பதிலை ஒதுக்கி வைத்துவிட்டு, நீ போட்ட மனுவை எடுத்துப் படி. அதில் ஒரு தாளையாவது பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் மேல்முறையீடு செய். இல்லையென்றால் இன்னொரு பத்து ரூபாய் செலவழித்துப் புதிதாகக் கேள்.

இரண்டாவது முறை

புதிய மனு அரைப் பக்கம்தான். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், பட்டா எண். பிறகு நான்கு கோரிக்கைகள். இந்தப் பட்டாவில் பெயர் மாற்றம் செய்யப்பட்ட ஆணையின் நகல். அந்த ஆணைக்கு அடிப்படையான விண்ணப்பம், வாக்குமூலம், கிராம நிர்வாக அலுவலர் மற்றும் வருவாய் ஆய்வாளர் அறிக்கைகளின் நகல்கள். அந்தக் கோப்பின் எண்ணும் அது முடிக்கப்பட்ட தேதியும். கோப்பு அழிக்கப்பட்டிருந்தால், அழிப்புப் பதிவேட்டில் அது பதிவான பக்கத்தின் நகல். இந்த நான்காவது கோரிக்கையை எழுதச் சொன்னது வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தெருக்காரர் ஒருவர். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

எதற்காகக் கேட்கிறேன் என்று எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. தகவல் கேட்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்று பிரிவு 6(2) சொல்கிறது. இதை முதலில் படித்தபோது சாதாரணமாகக் கடந்துபோய்விட்டேன். ஆனால் அண்ணன்மார் பெயரில் உள்ள நிலத்தின் தாளைத் தங்கை கேட்கிறாள் என்றால் ஊரில் எல்லோரும் அவளை ஏன் என்று கேட்கிறார்கள். சின்ன மாமா கேட்டார். அத்தை கேட்டார். கோயில் வாசலில் கேட்டார்கள். அந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்காத, கேட்கவும் கூடாத ஓரிடம் உலகத்தில் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இந்த முறை முப்பது நாள் ஆகியும் பதிலே வரவில்லை. அலுவலகத்துக்கு மனு கிடைத்த தேதியிலிருந்து முப்பது நாள் எண்ண வேண்டும். அதற்குத்தான் ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைக்க வேண்டும். காலத்துக்குள் பதில் தராவிட்டால் மறுத்ததாகவே பொருள். தாமதமான தகவலை அதன் பிறகு நகல் கட்டணம் வாங்காமல் தர வேண்டும். என் மேல்முறையீடு நான்கே வாக்கியங்கள்: மனு கிடைத்த தேதி இது, முப்பது நாள் முடிந்த தேதி இது, பதில் வரவில்லை, தகவலை இலவசமாகத் தர ஆணையிட வேண்டுகிறேன். மேல்முறையீட்டை முப்பது நாளுக்குள் முடிக்க வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிந்தால் நாற்பத்தைந்து நாள் வரை போகலாம். இருபத்திரண்டாம் நாள் ஆணை வந்துவிட்டது. பதினைந்து நாளில் தகவல் தரச் சொல்லியிருந்தார் வட்டாட்சியர். பதினைந்தாம் நாள் பொதுத் தகவல் அலுவலரிடமிருந்து கடிதமும் வந்தது: "மேற்படி கோப்பு கிடைக்கப்பெறவில்லை."

பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். "கிடைக்கப்பெறவில்லை" என்ற சொல் கதவைச் சாத்துவதுபோல் ஒலிக்கிறது. ஆனால் தகவலை மறுப்பதற்கான காரணங்கள் 8, 9-ஆம் பிரிவுகளில் வரிசையாக இருக்கின்றன. கோப்பைக் காணவில்லை என்பது அந்த வரிசையில் இல்லை. ஒரு காலத்தில் அலுவலகத்தில் இருந்த தகவலைக் காணவில்லை என்று சொல்லி முடித்துவிட முடியாது, முழுமையாகத் தேட வேண்டும், தேவைப்பட்டால் விசாரித்துப் பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்ய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வருவாய்த்துறையில் ஒரு கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது அதை முடிக்கும்போதே குறிக்கப்படும். அழித்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். இருக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை என்று ஒரு கோப்பு நடுவில் தொங்க முடியாது.

அடுத்தது மாநிலத் தகவல் ஆணையம். முதல் மேல்முறையீட்டு ஆணை கிடைத்த நாளிலிருந்து, அல்லது ஆணையே வரவில்லை என்றால் அது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் இரண்டாவது மேல்முறையீடு செய்ய வேண்டும். மனு, பதில், மேல்முறையீடு, ஆணை எல்லாவற்றின் நகலும் தேதி வரிசையில் இணைக்க வேண்டும். இதற்கும் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. உறவினர் ஒருவர், 18-ஆம் பிரிவில் புகார் கொடு, அபராதம் போடுவார்கள் என்று விடாமல் சொன்னார். கொஞ்சம் ஆடிப்போனேன். புகாரின் மேல் தண்டிக்கலாமே தவிர, தகவலைக் கொடு என்று ஆணையிட முடியாது, அதற்கு மேல்முறையீடுதான் வழி என்று 2011-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லிவிட்டது. எங்களுக்கு வேண்டியது தாள். அதனால் மேல்முறையீட்டுப் பாதையிலேயே போனேன்.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. முப்பது, நாற்பத்தைந்து, தொண்ணூறு என்று எல்லாவற்றுக்கும் நாள் குறித்த சட்டம், இரண்டாவது மேல்முறையீட்டை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று மட்டும் குறிக்கவில்லை. வயதானவர்கள் கேட்கும் தகவலுக்கு அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பது அம்மா தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரரின் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விசாரணை அறிவிப்பு வந்தது. சென்னைக்கு நானும் அம்மாவும் போனோம். எங்கள் முறை சில நிமிடங்கள்தான். நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது அல்ல. மறுத்தது சரி என்று பொதுத் தகவல் அலுவலர்தான் காட்ட வேண்டும். வந்திருந்தவர் இளைஞர், பெயர் மாற்றம் நடந்த 2004-இல் அவர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். ஆணையர் அவரிடம் நான்காவது கோரிக்கையைப் படிக்கச் சொன்னார். "அழிப்புப் பதிவேட்டில் இருக்கிறதா?" இல்லை என்றார். "அப்படியென்றால் பதிவறையில்தான் இருக்க வேண்டும்." முழுமையாகத் தேடித் தர வேண்டும், கிடைக்காவிட்டால் பொறுப்பானவர் யார் என்று அறிக்கை தர வேண்டும், அபராதம் ஏன் விதிக்கக் கூடாது என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று ஆணை. அபராதம் நாளுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000. அது அரசுக்குப் போகுமே தவிர நமக்கு வராது. மனுதாரருக்கு இழப்பீடு என்பது தனி, அதை ஆணையம் வேறு பிரிவில் தரலாம். நாங்கள் கேட்கவில்லை.

மாமாவைப் பற்றியோ பங்கைப் பற்றியோ அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா சொல்வதற்கென்று எவ்வளவோ மனத்தில் வைத்திருந்தாள். மாடிப்படி இறங்கும்போது, "இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான். எங்கள் துக்கத்தை அவர்கள் எடைபோடவில்லை. எடைபோட்டிருந்தால் சின்ன மாமாவின் நியாயத்தையும் எதிர்த் தட்டில் வைத்திருப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் அப்படித்தான் ஆனது. இங்கே கேள்வி இருந்தது, தேதி இருந்தது, தாள் வரவில்லை. அது போதுமானதாக இருந்தது.

பதினொரு தாள்கள்

ஐந்து வாரம் கழித்து உறை வந்தது. பதினொரு தாள்கள், ஒவ்வொன்றிலும் "உண்மை நகல்" முத்திரை. ஏழாவது தாளில் கிராம நிர்வாக அலுவலர் முன்பு பெரிய மாமா கொடுத்த வாக்குமூலம். இறந்தவரின் பெயர், இறந்த தேதி, வாரிசுகள். மகன்கள்: இரண்டு. மகள்கள்: இல்லை.

கீழே மாமாவின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடிக்கோடாகவே போட்டுவிடுவார். அம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் அலமாரியில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதே வால். அம்மா தேதியைப் படிக்கச் சொன்னாள். 2004, மே மாதம். "பள்ளிக்கூடம் லீவு. உங்களைக் கூட்டிக்கொண்டு நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். காலையில் அவருக்கு இட்லி வைத்து அனுப்பியிருப்பேன்" என்றாள். பிறகு வெகு நேரம் பேசவில்லை.

இதே மனுவை இன்று போட்டால் அந்த ஏழாவது தாள் கிடைக்குமா என்ற பயம் எனக்கு இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)-ஆம் பிரிவில் தனிநபர் தகவல் பற்றிய உட்பிரிவை மாற்றிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பு, பொது நலனுக்காகத் தரலாம் என்ற வாசகம் அந்த உட்பிரிவுக்குள்ளேயே இருந்தது. இப்போது "தனிநபர் தகவல்" என்ற இரண்டே சொற்களோடு நிறுத்திக்கொள்ளலாம். பொது நலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது. இனி மேல்முறையீடு எழுதுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் பாதிக்கப்படுவது அம்மாவைப்போல் சொந்தக் குடும்பத்துக் கோப்பைத் தேடுகிறவர்கள்தாம் என்பதை நினைக்கும்போது ஆத்திரம் வருகிறது.

தாள் கையில் வந்ததும் தகவல் சட்டத்தின் வேலை முடிந்தது. பட்டாவைத் திருத்துவது வேறு சட்டம், வேறு மேல்முறையீடு. வருவாய்க் கோட்டாட்சியரிடம், பிறகு தேவையானால் மாவட்ட வருவாய் அலுவலரிடம். பட்டா என்பது உரிமைப் பத்திரம் அல்ல என்பதால் பங்குக்குச் சிவில் நீதிமன்றமும் போக வேண்டியிருக்கலாம். இவ்வளவு தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும். இதையெல்லாம் சொல்லி, போடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். பெரிய மாமா இல்லை. போட்டால் அத்தையும் பிள்ளைகளும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அம்மா இரண்டு நாள் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எழுது" என்றாள்.

நான் வாரிசுகள் என்று தலைப்புப் போட்டேன். முதலில் அவள் பெயரை எழுதப் போனபோது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பிறந்த வரிசையில் எழுது. பெரியண்ணன் பெயர் முதலில் வரட்டும். மூன்று பேரும் இருக்க வேண்டும்."